நடுச்சாமத்தில் மட்டும் ஏன் கப்பலும் மீன்பிடிப் போட்டும் மோதுகின்றன?

தென்கரை:

மக்களே, மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. மேற்குக் கரையில் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்பதால் எங்கள் துறையில் போட்டெல்லாம் கரையேறிக் கிடக்கிறது. சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிற எனக்கு இந்த நாட்களில்தான் பழைய கோப்புகளைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்கும். இந்த வருஷம் விபத்துக் கோப்புகளை எடுத்தேன். ஒரு விஷயம் உறுத்துகிறது.

2012 மார்ச் 1, ஆலப்புழைக்கு அப்பால் எம்.வி. பிரபு தயா என்ற கப்பல் ஒரு மீன்பிடிப் படகில் மோதி 5 பேர் போனார்கள். 2017 ஜூன் 11, கொச்சிக்கு அப்பால் நங்கூரம் போட்டுக் கிடந்த கார்மல் மாதா படகை ஆம்பர் எல் என்ற பனாமா கொடிக் கப்பல் இடித்தது. செத்தவர்களில் ஒருவர் நம் குளச்சல்காரர், இன்னொருவர் அசாம் பையன். 2018 ஆகஸ்ட் 7, முனம்பத்திலிருந்து போன ஓஷியானிக் படகு. 14 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் ராமன்துறைக்காரர்கள். உயிரோடு கிடைத்தது இரண்டு பேர். மோதியதாக வழக்கானது எம்.டி. தேஷ் சக்தி, நம் நாட்டுக் கப்பல். 2021 ஏப்ரல் 13, மங்களூருக்கு அப்பால் பேப்பூர் படகு ரபா. மறுபடியும் 14 பேர், பாதி தமிழர்கள், பாதி வங்காளிகள். மறுபடியும் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள். கப்பல் சிங்கப்பூர் கொடி கட்டிய ஏபிஎல் லெ ஹாவ்ர்.

இந்த நாலும் நள்ளிரவு தாண்டி விடியும் முன் நடந்தவை. படகே சம்பந்தப்படாத எண்ணூர் மோதலும் அப்படித்தான். 2017 ஜனவரி 28 அன்று பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்களும் மோதிக்கொண்டது விடியற்காலை நாலு மணி வாக்கில்.

கப்பல்காரன் இடித்துவிட்டு ஓடிவிட்டான் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சில மோதல்களில் ஓடியது உண்மைதான். ஆனால் இடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது? கப்பலில் வேலை செய்கிறவர்களும், தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

நடுஜாமம்:

அண்ணே, நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. பெரும்பாலான கப்பல்களில் இரவு 12 முதல் 4 வரை வாட்ச், அதாவது கப்பலைக் கவனித்து ஓட்டுகிற பொறுப்பு, என் பதவியில் இருப்பவருடையது. அதனால் நீங்கள் கேட்டது என்னையே கேட்டது மாதிரி.

அந்த நேரத்தில் மனித உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும். பகலில் தூங்கினாலும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டோம், துறைமுகத்தில் சரக்கு வேலை முடித்து அன்றே கிளம்பியிருந்தால் கேட்கவே வேண்டாம். கப்பலை ஓட்டுகிற அறையான பிரிட்ஜில் அதிகாரி ஒருவர், பார்வைக்கு ஒரு மாலுமி. அவ்வளவுதான். அதிகாரி தூங்கிவிடாமல் இருக்க ஒரு அலாரக் கருவி உண்டு, சில நிமிஷத்துக்கு ஒருமுறை பட்டனைத் தட்டாவிட்டால் கத்தும். அந்தக் கருவியைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள் என்பதிலிருந்தே நிலைமை புரியும்.

இப்போது கண்ணில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். உங்கள் படகின் சுற்று வெள்ளை விளக்கு இரண்டு கடல் மைல் தூரம் தெரிந்தால் போதும் என்பது சர்வதேச விதி. நான் 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வருகிறேன். இரண்டு மைலைக் கடக்க 8 நிமிஷம். அதற்குள் அது என்ன விளக்கு, நகர்கிறதா, நிற்கிறதா என்று முடிவு பண்ணி, பெரிய கப்பலைத் திருப்பவும் வேண்டும். சரக்கேற்றிய கப்பலை நிறுத்துவது நிமிஷக்கணக்கு வேலை, அதற்குள் கப்பல் கிலோமீட்டர் கணக்கில் ஓடிவிடும்.

ராடார் இருக்கிறதே என்பீர்கள். இரும்புக் கப்பல் ராடாரில் பளிச்சென்று தெரியும். மரப் போட்டும் ஃபைபர் வள்ளமும் மங்கலாகத்தான் தெரியும். கடல் குமுறலாக இருந்தால் திரை முழுக்க அலைகள் புள்ளி புள்ளியாக வரும். அவற்றை அழிக்க ஒரு குமிழைத் திருகுவோம். அதிகம் திருகினால் அலையோடு சேர்ந்து உங்கள் படகும் அழிந்துவிடும். ஆனி ஆடிக் கடலில் இந்தத் திருகல் தினமும் நடக்கிறது.

இன்னொன்று, பிரிட்ஜிலிருந்து பார்த்தால் கப்பலின் மூக்கான முன்னணியத்துக்கு நேர் முன்னால் கொஞ்சம் கடல் தெரியாது. பெரிய கப்பலில் 500 மீட்டர் வரை மறைந்திருக்க விதியே அனுமதிக்கிறது. 15 நாட்டில் அது ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். கடைசி நிமிஷத்தில் படகு என் கண்ணிலேயே இல்லை.

தங்கல்:

தம்பி எழுதியது நன்றாக இருக்கிறது. போட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஸ்ராங்கு, போட்டை ஓட்டுகிறவன்.

முன்னெல்லாம் ஒரு நாளில் போய் வந்த இடத்துக்கு இப்போது மீன் இல்லை. பதினைந்து நாள், ஒரு மாதம், அதற்கு மேலும் தங்குகிறோம். டீசல், ஐஸ், பேட்டா எல்லாம் சேர்த்துப் பல லட்சம் கடனில்தான் போட்டு கிளம்பும். ஐஸ் அறை நிறையாமல் திரும்ப முடியாது. தூண்டில் வேலை என்றால் பகலெல்லாம் கை ஓயாது. ராத்திரி பத்துப் பதினொரு மணிக்கு எஞ்சினை அணைத்துவிட்டு நீரோட்டத்தில் மிதக்க விடுவோம், அல்லது நங்கூரம் போடுவோம். பன்னிரண்டு பேரும் விழுந்து தூங்குவார்கள். காவலுக்கு ஒருவன் இருக்க வேண்டும். யாரை வைப்பார்கள்? எல்லோருக்கும் களைப்பு, கடைசியில் வந்து சேர்ந்த பையன் தலையில்தான் விழும். அவன் அசாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவன். உழைப்பாளி, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த விளக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்கவும் நமக்கு அவன் பாஷை தெரியாது.

கப்பல் சத்தம் கேட்காதா என்று கரையில் கேட்பார்கள். கேட்காது. எஞ்சின் கப்பலின் பின்புறத்தில் இருக்கிறது, முன்னால் முந்நூறு மீட்டர் இரும்பு. காற்று நம் பக்கமிருந்து அடித்தால் சத்தம் வருவதற்குள் அலை வந்துவிடும்.

கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான், எங்கள் பையன்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். நம் போட்டு நிற்கும்போது கப்பலின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம் உனக்குத் தெரிகிறது, தாண்டிப் போகும். பச்சை மட்டும் தெரிந்தாலும் அப்படியே. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால், மேலே இரண்டு வெள்ளை விளக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால், அது உன் மேல்தான் வருகிறது. என்னை எழுப்பாதே, முதலில் எஞ்சினைப் போடு.

நடுஜாமம்:

இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொன்னதில்லை அண்ணே. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் வருகிற கப்பலுக்கு இன்னொரு சோதனை உண்டு. கேபினில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஜன்னல் சட்டத்தோடோ மாஸ்ட்டுக் கயிற்றோடோ கப்பல் விளக்கை நேர்கோட்டில் பிடியுங்கள். உங்கள் படகின் திசை மாறாமல் இருந்து, சில நிமிஷம் கழித்தும் விளக்கு அதே கோட்டில் நின்று, பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் உறுதி. விளக்கு முன்னாலோ பின்னாலோ நகர்ந்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். மிதக்கிற போட்டு சுழலும் என்பதால் அப்போது திசைகாட்டியில் பார்க்க வேண்டும்.

தென்கரை:

சரி, ஆனால் தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. விதிப்படி மீன்பிடித்துக்கொண்டிருக்கிற படகுக்கு வழிவிட வேண்டியது கப்பல்தானே? கார்மல் மாதா நங்கூரத்தில் கிடந்தது. நின்றிருந்த படகை வந்து இடித்ததற்கு எதற்கு ராடார், அலை, தூக்கம் என்று இத்தனை காரணம்?

நடுஜாமம்:

கோபம் இல்லை அண்ணே. விதி உங்கள் பக்கம்தான். ஐந்தாம் விதி எந்நேரமும் கண்ணாலும் காதாலும் எல்லாக் கருவியாலும் கவனி என்கிறது. நின்றிருக்கிற படகை இடித்தால் கப்பல் அதை மீறியிருக்கிறது, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நான் சொன்னது நியாயப்படுத்த அல்ல. எது எங்கே உடைகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த பையனைக் காப்பாற்ற முடியும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். நம் மேற்குக் கரையில் நடுச்சாமத்தில் வரும்போது முன்னால் நூறு இருநூறு வெள்ளை விளக்கு தெரியும். எல்லாமே எல்இடி, கண்ணைக் கூசும். எது இழுவலை போடுகிறது, எது மிதக்கிறது, எது ஓடுகிறது என்று ஒன்றும் தெரியாது. விதிப்படி இழுவலைப் படகுக்குப் பச்சைக்குக் கீழே வெள்ளை, மற்ற வலைக்குச் சிவப்புக்குக் கீழே வெள்ளை. அவை இருந்தாலும் டெக் விளக்கின் வெளிச்சம் விழுங்கிவிடும். படகுக் கூட்டத்தின் நடுவே ஒரு படகுக்காகத் திருப்பினால் இன்னொன்றின் மேல் ஏறும். அந்தப் பதற்றத்தில் எடுத்த முடிவுகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

அலைவரிசை:

படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் கொடுக்கிறார்களே? இஸ்ரோ கருவி. அதற்கப்புறமும் கப்பலுக்குத் தெரியாதா?

நடுஜாமம்:

தெரியாது. இது பலருக்கும் உள்ள குழப்பம். அந்தக் கருவி செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசுகிறது. புயல் செய்தி வரும், ஆபத்தென்றால் கரைக்குத் தகவல் அனுப்பலாம், படகு எங்கே என்று அதிகாரிகள் பார்க்கலாம். உயிர் காக்கிற விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் கப்பலின் திரையில் தெரிவது ஏஐஎஸ் என்ற வேறு கருவியின் சமிக்ஞை. அது விஎச்எஃப் அலையில் பக்கத்துக் கப்பலுக்கு நேராகப் போகும்.

தங்கல்:

ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியில் இந்தக் கருவியெல்லாம் எங்கள் போட்டுகளில் இல்லை. கரையிலிருந்து சொன்ன எச்சரிக்கை, பல நாள் முன்பே போய்விட்டவர்கள் காதில் விழ வழியே இல்லை. இன்றைக்கு அந்த அளவில் முன்னேற்றம்தான். கப்பல் பக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. ரேடியோவின் 16ஆவது சேனலில் கூப்பிட்டால் பதில் வராது. வந்தாலும் அவன் ஆங்கிலம் நமக்குப் புரியாது, நம் ஆங்கிலம் அவனுக்குப் புரியாது.

நெய்தல்மகள்:

எல்லோரும் கப்பலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கடலோர ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். என்னிடம் வருகிறவர்கள் நடுக்கடலிலிருந்து வருவதில்லை. கரைக்கு நூறு மீட்டரில் கவிழ்ந்து வருகிறார்கள். துறைமுக வாய். தேங்காய்ப்பட்டணம் வாய், கேரளாவில் முதலப்பொழி வாய். 2023 ஜூலை 10 அன்று முதலப்பொழியில் வள்ளம் கவிழ்ந்து 4 பேர் போனார்கள், அது செய்தியானது. ஒருவர், இரண்டு பேர் என்று போனது உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

தண்ணீர் குடித்துச் செத்தவர்கள் என்று நினைப்பீர்கள். நிறையப் பேருக்கு மண்டையில் அடி. வள்ளம் கவிழ்ந்ததும் அலை தூக்கிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவர்க் கல்லில் மோதுகிறது. நீச்சல் தெரியாதவன் நம் கரையில் யார்? பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவன், சுயநினைவு போனபின் நீச்சல் எதற்கு ஆகும்?

தென்கரை:

அக்கா, நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது வேறு விபத்து, வேறு காரணம். இந்த இழையில் கப்பல் மோதலை...

நெய்தல்மகள்:

வேறு இல்லை தம்பி. நீங்கள் தேடுவது விபத்தின் போக்கு. எங்கே, எந்த நேரத்தில், யார் என்று கணக்குப் பார்த்தால் வாயையும் சேர்க்காமல் எப்படி? ஒரே ஆள்தான் ராத்திரி கப்பலுக்குத் தப்பி விடியற்காலை வாய்க்கு வருகிறான். சங்கக் கோப்பில் கப்பல் மோதல் தனிக் கட்டாக இருக்கிறது. வாயில் செத்தவன் பெயர் எந்தக் கட்டில் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

தென்கரை:

பார்த்தேன் அக்கா. "இயற்கைச் சீற்றம்" என்ற கட்டில் இருக்கிறது. புயலில் போனவர்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். மழையே இல்லாத நாளில் வாயில் கவிழ்ந்ததும் அதில்தான். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கட்டை நான் பிரித்திருக்க மாட்டேன். எழுதுங்கள், இந்த இழையிலேயே பேசுவோம்.

மணல்மேடு:

நான் கடலோரக் கட்டுமானப் பொறியாளன். வாயில் ஏன் கவிழ்கிறது என்று சொல்லட்டுமா?

அலை எப்போது உடையும்? தன் உயரத்தைவிடக் கொஞ்சமே அதிகமான ஆழத்துக்கு வந்ததும் உடையும். இரண்டு மீட்டர் அலை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடைந்து விழும். துறைமுக வாயில் ஐந்து மீட்டர் ஆழம் இருந்தால் அந்த அலை வெறுமனே தூக்கி இறக்கிவிட்டுப் போகும். வாயில் மணல் சேர்ந்து ஆழம் பாதியானால் அதே அலை வாய்க்கு நடுவே சுவராக எழுந்து விழும். கடல் மாறவில்லை, தரை மேலே வந்திருக்கிறது.

மணல் ஏன் சேர்கிறது? நம் கரை நெடுகிலும் அலையே மணலை நகர்த்திக்கொண்டு போகிறது. குறுக்கே சுவர் கட்டினால் ஒரு பக்கம் தேங்கும், சுவர் முனையைச் சுற்றி வாய்க்குள் வரும். மறுபக்கம் கரை அரிக்கும். தேங்காய்ப்பட்டணமும் முதலப்பொழியும் ஆற்று வாயில் இருப்பவை. ஆறு வேறு மணல் கொண்டுவரும். கடல் நீர் வடிகிற வற்று நேரத்தில் ஆற்று நீர் வெளியே வேகமாக ஓடும், எதிரே கடல் அலை உள்ளே வரும். இரண்டும் எதிரெதிராக முட்டினால் அலையின் நீளம் குறுகி, அது செங்குத்தாகி, சீக்கிரம் உடையும். காற்றே இல்லாத நாளிலும் இது நடக்கும். தெற்கே வெகு தூரத்தில் எங்கோ அடித்த புயலின் நீள அலை சில நாள் கழித்து நம் கரைக்கு வருவதைக் கள்ளக்கடல் என்பார்களே, அன்று வானம் வெளுத்திருக்கும், வாய் மட்டும் கொதிக்கும். கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது.

தங்கல்:

பொறியாளர் சார் சொன்னதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். வாயில் நுழையும்போது அலைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே, அது உடைவதற்கு முன் முந்தாமல் போக வேண்டும். வேகம் கூடினால் அலையின் முதுகிலிருந்து முன்பக்கம் சறுக்கி மூக்குக் குத்தும். குறைந்தால் பின்னால் வருகிற அலை போட்டின் பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிடும். இதெல்லாம் வெளிச்சத்தில் செய்வது. ஏலத்துக்கு விடிவதற்குள் மீன் இறக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே நுழைகிறோம். விலை அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது.

மணல்மேடு:

தூர்வாருவதை ஒரு தடவை செய்துவிட்டுப் படம் எடுத்துப் போட்டால் முடிந்துவிடாது. அடுத்த மழைக்காலத்துக்குள் மணல் மறுபடி வந்துவிடும். வருஷா வருஷம், தடைக்காலம் முடிந்து படகு இறங்குவதற்கு முன் ஆழம் அளந்து, அந்த அளவைத் துறைமுகத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைக்க வேண்டும். விமான ஓடுபாதை எத்தனை மீட்டர் என்று தெரியாமல் யாரும் விமானம் இறக்குவார்களா? வாயில் எத்தனை பாகம் ஆழத்துக்குத் தண்ணீர் என்று தெரியாமல்தான் நம் ஆட்கள் நுழைகிறார்கள்.

அலைவரிசை:

கிழக்குக் கரையில் கப்பல் மோதல் இவ்வளவு கேள்விப்படவில்லையே, ஏன்?

நடுஜாமம்:

ராமேசுவரம் பக்கம் பெரிய கப்பல் வர ஆழம் இல்லை. பாக் நீரிணை வழியாகப் போக முடியாமல் இலங்கையைச் சுற்றித்தான் போகிறோம். அங்கே உள்ள விபத்துகளின் கதை வேறு, எல்லைக்கோடும் கடற்படைக் கலங்களும் வரும். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்துப் படகில் 4 பேர் இறந்தது அப்படி. மேற்கில் வளைகுடாவிலிருந்தும் சூயஸிலிருந்தும் வருகிற கப்பல் குமரி முனைக்குத் தெற்கே திரும்பிக் கொழும்புப் பக்கம் போகும். அதே திருப்பத்தில்தான் வாட்ஜ் பேங்க், மீன் கொழிக்கிற திட்டு. கொல்லம் பரப்பு என்ற மீன்பிடி இடமும் அந்தப் பாதையை ஒட்டியே.

இதற்காகவே 2020 ஆகஸ்ட் 1 முதல் தென்மேற்குக் கடலில் கப்பல்களுக்குத் தனிப் பாதை வகுத்துக் கப்பல் துறை அறிவித்தது. நல்ல வேலை. ஆனால் அந்தப் பாதையின் புள்ளிகள் எந்த ஸ்ராங்கின் ஜிபிஎஸ்ஸில் ஏற்றப்பட்டிருக்கின்றன? எங்கள் வரைபடத்தில் இருக்கிறது. தங்கல் அண்ணன் கருவியில் இருக்கிறதா?

தங்கல்:

இல்லை. இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

தென்கரை:

சங்கத்திலும் அப்படி ஒரு கடிதம் கோப்பில் இல்லை. நாளை மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கேட்கிறேன். புள்ளிகள் கிடைத்தால் தடை முடிவதற்குள் எல்லாப் போட்டின் ஜிபிஎஸ் வரைபடக் கருவியான பிளாட்டரிலும் ஏற்றிவிடலாம், செலவே இல்லாத வேலை. ஓஷியானிக் போனது ஆகஸ்ட் 7, தடை முடிந்து ஒரே வாரம். எல்லோரும் ஒன்றாக இறங்குகிற அந்த வாரத்துக்கு முன் முடிய வேண்டும்.

சட்டப்புள்ளி:

கடல்சார் வழக்கு பார்க்கிறேன். மோதலுக்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குற்ற வழக்கும் நஷ்டஈடும் வேறு வேறு. ஆழ்கடலில் நடந்த மோதலுக்கு மாலுமியின் மேல் குற்ற வழக்குப் போடும் உரிமை, கப்பலின் கொடி நாட்டுக்கும் அந்த மாலுமியின் சொந்த நாட்டுக்கும்தான் என்கிறது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 97ஆவது பிரிவு. 12 கடல் மைலுக்கு வெளியே நடந்தவற்றில் இந்த வாதம் உடனே எழும். குடும்பங்கள் இங்கே மனம் தளர்ந்துவிடுகின்றன. தளர வேண்டாம். நஷ்டஈட்டுக்குக் கப்பலையே பிடித்து வைக்கலாம். 2017ஆம் ஆண்டு அட்மிரால்டி (கடல்சார் வழக்கு) சட்டப்படி, உயிரிழப்புக்காக அந்தக் கப்பல் இந்தியத் துறைமுகத்தில் நிற்கும்போது உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் கைது செய்யலாம். பிணைத்தொகை கட்டினால்தான் கப்பல் கிளம்பும். கப்பலுக்கு ஒவ்வொரு நாளும் பெரும் பணம், அதனால் பேச வருவார்கள்.

சாட்சியம்தான் கஷ்டம். கப்பலில் விமானத்தில் இருப்பது போன்ற பதிவுக் கருவி இருக்கிறது. பிரிட்ஜில் பேசியது, ராடார் படம் எல்லாம் அதில் பதியும். 2014 ஜூலைக்கு அப்புறம் பொருத்திய கருவியில் 30 நாள் நிற்கும். பழைய கருவியில் 12 மணி நேரம்தான், அதன் மேலேயே புதிது பதிந்து பழையது அழிந்துவிடும். அதனால் கரைக்கு வந்து அழுது முடித்து, பத்து நாள் கழித்து வக்கீலைப் பார்ப்பதற்குள் பழைய கருவியில் இருந்ததெல்லாம் போய்விடும். பிழைத்தவர் கரை சேர்வதற்கு முன்பே கடலோரக் காவல் படைக்கு 1554இல் சொல்லி, நேரம், ஜிபிஎஸ் புள்ளி, கப்பலின் நிறம், போன திசை நாலையும் கொடுங்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடந்த கப்பல்களை ஏஐஎஸ் பதிவிலிருந்து எடுத்துவிடலாம். உடைந்த பலகையில் கப்பலின் பெயிண்ட் ஒட்டியிருக்கும், அதைக் கழுவாமல், தேய்க்காமல் அப்படியே ஒப்படையுங்கள்.

நெய்தல்மகள்:

லைஃப் ஜாக்கெட் பற்றி யாரும் பேசவில்லை. வாயில் வந்தவர்களில் போட்டிருந்தவரை நான் பார்த்ததே இல்லை.

தங்கல்:

அக்கா, அந்த ஆரஞ்சு மூட்டையைப் போட்டுக்கொண்டு வலை இழுக்க முடியாது. கயிற்றில் மாட்டும், வின்ச் பக்கம் போனால் உயிருக்கே ஆபத்து. வெயிலில் கொதிக்கும். வாய்க்குள் நுழையும்போது மட்டுமாவது போடலாம், அந்தப் பதினைந்து நிமிஷம் யாரும் வலை இழுப்பதில்லை. அதைச் செய்யாததற்குக் காரணம் எதுவும் இல்லை.

நெய்தல்மகள்:

அந்தப் பதினைந்து நிமிஷத்தை மட்டும் எல்லோரும் செய்தால் என் வார்டில் பாதி வேலை இருக்காது. ஹெல்மெட் மாதிரித் தலைக்கும் ஏதாவது வேண்டும் என்று நான் சொல்வேன், சிரிக்காதீர்கள்.

நடுஜாமம்:

சிரிக்க என்ன இருக்கிறது அக்கா, வேகப்படகு ஓட்டும் மீட்புக் குழுவினர் ஹெல்மெட் போடுகிறார்கள். ஆனால் கருவி இருந்தும் சாவு வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2012 அக்டோபர் 31, நீலம் புயலில் சென்னை பெசன்ட் நகர் பக்கம் தரைதட்டிய பிரதிபா காவேரி கப்பல். நங்கூரம் பிடிக்கவில்லை, கப்பல் கரைக்கு இழுத்து வரப்பட்டது. பயந்து உயிர்ப்படகில் இறங்கியவர்கள் அந்தக் கொந்தளிப்பில் கவிழ்ந்தார்கள், 6 பேர் இறந்தார்கள். கப்பலிலேயே இருந்தவர்களை அப்புறம் ஹெலிகாப்டரில் பத்திரமாக இறக்கினார்கள். எப்போது இறங்க வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்று பழகாவிட்டால் லைஃப் போட்டும் கைகொடுக்காது. போட்டிலும் அப்படித்தான். ஜாக்கெட் ஐஸ் அறைக்கு மேலே கட்டுக் கட்டாகக் கிடந்தால் கவிழ்கிற இருபது விநாடியில் யார் எடுப்பார்?

தென்கரை:

இன்று மதியம் சங்கத்தில் பேசினேன். மூன்று விஷயம் தீர்மானத்தில் எழுதியாகிவிட்டது. கப்பல் பாதையின் புள்ளிகளைக் கேட்டு வாங்குவது, வாயின் ஆழத்தைத் தடை முடிவதற்கு முன் அளந்து எழுதி வைக்கச் சொல்லி மனு, காவல் பையன்களுக்கு விளக்குப் பாடம். பாடத்தைத் தமிழிலும் வங்காளத்திலும் படம் போட்டு ஒட்டலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். வங்காளம் எழுதத் தெரிந்தவர் இங்கே இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். நிவாரணக் கோப்பில் "துறைமுக வாய்" என்று தனிக் கட்டும் போட்டுவிட்டேன் அக்கா.

தங்கல்:

நடுஜாமம் தம்பி, ஒரு கேள்வி. எங்கள் போட்டு 62 அடி, தூண்டிலும் செவுள்வலையும். மாஸ்ட்டில் இப்போது ஒரு வெள்ளை விளக்கு மட்டும்தான். சிவப்பும் வெள்ளையும் போடுவதென்றால் எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி?

நடுஜாமம்:

62 அடி என்றால் 20 மீட்டருக்குக் கீழே, அதனால் சின்ன அளவே போதும். மேலே சிவப்பு, கீழே வெள்ளை, இரண்டும் எல்லாத் திசையிலும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 1 மீட்டர். கீழே உள்ள வெள்ளை, போட்டின் விளிம்புப் பலகையிலிருந்து 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். பக்க விளக்குகளிலிருந்து அளந்தாலும், உங்கள் இரண்டு விளக்கின் இடைவெளியைப் போல் இரு மடங்கு உயரத்தில் வர வேண்டும். கேபின் கூரை மறைக்காத இடமாகப் பாருங்கள். நங்கூரம் போட்டு வேலை செய்யாமல் தூங்குகிற நேரத்தில் இவற்றை அணைத்து, நங்கூரத்துக்கான ஒரே வெள்ளைச் சுற்று விளக்கை மட்டும் போடுங்கள்.

தங்கல்:

அப்படியானால் மாஸ்ட்டை மூன்றடி ஏற்ற வேண்டும். படகுத் தச்சரான ஓடாவியைக் கேட்டேன், தடை முடிவதற்குள் செய்து தருகிறேன் என்றார். கேபின் முன்னால் இருக்கிற எல்இடி மூன்றையும் என்ன செய்வது? அது இல்லாமல் ராத்திரி தூண்டில் பார்க்க முடியாது.

நடுஜாமம்:

எடுக்க வேண்டாம். தகரத்தில் மூடி அடித்து வெளிச்சம் டெக் மேல் மட்டும் விழும்படி கீழே திருப்புங்கள். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இருட்டில் ஒரு வள்ளத்தில் அரை மைல் தள்ளிப் போய் உங்கள் போட்டைத் திரும்பிப் பாருங்கள். சிவப்பு தனியாகத் தெரிந்தால் எனக்கும் தெரியும்.